டிப்பரேரியும் திப்பாரஹள்ளியும்: பகடிப் பாட்டின் ஆயுள் குறித்து

பகடிப் பாட்டைக் கேட்க வருபவர் ஏற்கெனவே வேறொரு பாட்டைக் கேட்டிருக்க வேண்டும். மெட்டு அவருடைய காதில் முன்பே குடியேறியிருந்தால்தான் மாற்றி வைக்கப்பட்ட சொல் சிரிப்பை எழுப்பும். இந்த நிபந்தனை நிறைவேறாதபோது என்ன நிகழும் என்பதற்கு இசைத்தட்டு வணிக வரலாற்றில் ஒரு சான்று உண்டு. அமெரிக்கப் பகடிப் பாடகர் ‘வியர்ட் ஆல்’ யாங்கோவிக் 1986 அக்டோபரில் ‘போல்கா பார்ட்டி’ என்ற தொகுப்பை வெளியிட்டார். 1984இல் வந்த அவருடைய தொகுப்பு ‘பில்போர்டு’ பட்டியலில் 17ஆம் இடம் வரை சென்றிருந்தது. மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’ பாட்டை ‘ஈட் இட்’ என்று தீனிப் பாட்டாக்கி அவர் பாடியது அந்த ஆண்டில் உலகெங்கும் ஒலித்தது. ‘போல்கா பார்ட்டி’யோ 177ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அவருடைய ரசிகர்களும் அதை ஏமாற்றம் என்றே கணித்தார்கள்.

நகைச்சுவை சலித்துவிட்டது என்பது இத்தோல்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. முந்தைய தொகுப்பில் தீனி என்றால் இதில் உருளைக்கிழங்கு. மீண்டும் தொலைக்காட்சி, மீண்டும் உடல் உபாதை. ஆயினும் தொகுப்பில் உள்ள ஒரு பாட்டு வேறொரு காரணத்தையும் சுட்டுகிறது. ‘ரூத்லெஸ் பீப்பிள்’ என்ற திரைப்படத்துக்காக மிக் ஜாகர் பாடிய தலைப்புப் பாட்டை எடுத்துக்கொண்டு யாங்கோவிக் ‘டூத்லெஸ் பீப்பிள்’ என்று பல்லில்லாதவர்களைப் பாடினார். ஜாகரின் பாட்டு பெருவெற்றி பெறும் என்ற எதிர்பார்ப்பில் செய்த தேர்வு அது. பெருவெற்றி வரவில்லை. மூலம் யார் காதிலும் தங்காத நிலையில் அதன் பகடி, பெயர்ப்பலகை இல்லாத வீட்டுக்கு எழுதிய கடிதம்போல அலைந்தது. சிரிக்க வேண்டிய இடம் எது என்பதே கேட்பவருக்குத் தெரியாமல் போயிற்று.

இந்த நிகழ்வின் மறுபக்கத்தைக் காண ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பின்னோக்கிப் பெங்களூருக்கு வர வேண்டும். அங்கு எழுந்த சில பகடிப் பாட்டுகள், மூலங்கள் காதுகளிலிருந்து மறைந்த பின்பும் பாடப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. மேலே சொன்ன நிபந்தனையின்படி அவை முதல் தலைமுறையோடு மடிந்திருக்க வேண்டும். மடியாதது எதனால் என்ற வினாவுக்கு விடை தேடினால் அது பெங்களூர் என்ற இரட்டை நகரத்தின் வரலாற்றில் கொண்டுபோய் விடுகிறது.

பாட்டுகளை ஆக்கியவர் டி.பி. கைலாசம். கன்னட நவீன நாடகத்தின் தொடக்கத்தை அவரை விலக்கிவிட்டு எழுத இயலாது. ‘பிரகசனப் பிரபிதாமகர்’ என்று கன்னடர்கள் அவரைப் போற்றுகிறார்கள். 1884இல் மைசூர் அரசில் உயர் பதவி வகித்த தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை தியாகராஜ பரமசிவ ஐயர் நீதித்துறையில் இருந்தவர். ரிக் வேதத்தை நிலவியல் நோக்கில் விளக்கி 1911இல் ஒரு நூல் எழுதியவர். இலங்கை என்று வால்மீகி குறிப்பிடுவது மத்திய இந்தியாவில் ஜபல்பூரை ஒட்டிய பகுதியையே என்று பிற்காலத்தில் வாதிட்டவர். பழைய நூலில் எவரும் எதிர்பாராத பொருளை ஏற்றிப் பார்க்கும் துணிவு அந்த வீட்டில் தந்தையிடமிருந்தே தொடங்கிவிட்டது. மகனும் நிலவியல் படிக்கவே லண்டன் சென்றார். உலகப் போர் தொடங்கிய காலத்தை ஒட்டி ஊர் திரும்பி மைசூர் அரசின் நிலவியல் துறையில் சில ஆண்டுகள் பணியாற்றினார்; பிறகு பணியை உதறி நாடகத்துக்கே தம்மை ஒப்புக்கொடுத்தார்.

தமிழ் வாசகர் இவ்விடத்தில் ஓர் அவசர முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், கைலாசம் என்று பட்டியலிட்டுக் கன்னட இலக்கியத்தைத் தமிழர் வளர்த்தார்கள் என்று பெருமை கொள்வது நம் மேடைகளில் அவ்வப்போது கேட்கும் பேச்சு. வீட்டு மொழி தமிழாக இருந்தவர்கள் எழுத்து மொழியாகக் கன்னடத்தைத் தேர்ந்தார்கள் என்பதே செய்தி. அந்தத் தேர்வுக்கு உரிய மதிப்பை அளிக்காமல் அவர்களைத் தமிழ்க் கணக்கில் வரவு வைப்பது வரலாறு ஆகாது. கைலாசத்தின் நாடகங்கள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அமைந்தவை. அவருடைய காதில் தமிழ் இருந்தது என்பது வேறு செய்தி. அது பின்னால் பயன்படும்.

லண்டனில் அவர் இருந்த ஆண்டுகளில் அங்கு மியூசிக் ஹால் எனப்பட்ட கேளிக்கை அரங்குகள் உச்சத்தில் இருந்தன. சாராயக்கடைக் கூடங்களிலிருந்து வளர்ந்த அரங்குகள் அவை. எளிய மெட்டு, எல்லோரும் சேர்ந்து பாடத்தக்க பல்லவி, கொச்சை மொழி, பாத்திரமாக மாறிப் பாடும் பாடகர் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். 1912இல் ஜாக் ஜட்ஜ் என்பவர் ‘இட்ஸ் எ லாங் வே டு டிப்பரேரி’ என்ற பாட்டை அத்தகைய அரங்கு ஒன்றில் பாடினார். லண்டனுக்கு வந்த அயர்லாந்துக்காரன் ஒருவன் தன் ஊரையும் காதலியையும் நினைத்து ஏங்குவது அதன் பொருள். பாதி ஏக்கம், பாதி கிண்டல். 1914 ஆகஸ்டில் பிரான்சில் இறங்கிய ஐரிஷ் படைப்பிரிவு ஒன்று அதைப் பாடியபடி அணிவகுத்துச் சென்றதை ஒரு லண்டன் நாளிதழ் செய்தியாக்கியது. அதன் பின் அது போர்ப்பாட்டாகப் பிரிட்டிஷ் பேரரசு முழுதும் பரவியது.

அப்படிப் பரவிய இடங்களில் ஒன்று பெங்களூர். ஆனால் எந்தப் பெங்களூர் என்று கேட்க வேண்டும். 1809 முதல் பிரிட்டிஷ் படை தங்கிய தண்டுப் பகுதி ஒன்று. கோட்டையையும் பேட்டையையும் கொண்ட பழைய நகரம் மற்றொன்று. 1881இல் ஆட்சி மைசூர் மன்னர் வசம் திரும்பிய பின்பும் தண்டுப் பகுதி ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற பெயரில் பிரிட்டிஷ் நிர்வாகத்திலேயே நீடித்தது. இரண்டு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1949இல்தான். தண்டுப் பகுதியில் ஆங்கிலமும் தமிழும் ஓங்கி ஒலித்தன. படைக்குப் பின்னால் வந்த வணிகர், ஒப்பந்தக்காரர், சமையல்காரர், கூலியாட்கள் ஆகியோரில் பெரும் பகுதியினர் தமிழர். மறுபுறம் பேட்டையிலும், 1898ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் எழுந்த பசவனகுடி, மல்லேஸ்வரம் ஆகிய விரிவுப் பகுதிகளிலும் கன்னட நடுத்தர வர்க்கம் வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் இடையே கப்பன் பூங்கா. அங்குள்ள இசைமேடையில் பிரிட்டிஷ் படைகளின் பேண்டுக் குழுக்கள் வாசித்தன. பேண்டு வாத்தியத்துக்குச் சொல் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். மெட்டு மட்டும் பூங்காவைக் கடந்து பசவனகுடிக்கு நடந்து போயிற்று.

பகடிக்கு இதைவிட வாய்ப்பான நிலம் அமைவது அரிது. மெட்டு இரு நகரங்களுக்கும் பொது. சொல்லோ ஒரு நகரத்துக்கு மட்டும் சொந்தம். சென்ட்ரல் கல்லூரி மாணவனுக்கு மெட்டும் தெரியும், ஆங்கிலச் சொல்லும் ஓரளவு தெரியும். ஆனால் டிப்பரேரி எங்கே இருக்கிறது என்பதிலோ அங்கே யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதிலோ அவனுக்கு என்ன அக்கறை இருக்க முடியும்? கைலாசம் டிப்பரேரியை எடுத்துவிட்டுத் திப்பாரஹள்ளியை வைத்தார். ஒலி ஏறத்தாழ அப்படியே இருக்கிறது, ஊர் மாறிவிட்டது. ‘ஹள்ளி’ என்றால் சிற்றூர். ‘திப்பெ’ என்றால் எருக்குவியல். கன்னடக் காதுக்கு அந்த வாடையும் சேர்ந்தே அடிக்கும். பேரரசின் போர்ப்பாட்டு மைசூர்ச் சீமையின் எருமேட்டில் வந்து நின்றபோது எழுந்த சிரிப்பில் கேலி எந்தப் பக்கம் பாய்ந்தது என்பதை ஒரே சொல்லில் தீர்மானிக்க முடியாது. பட்டிக்காட்டானைப் பார்த்து நகரத்தான் சிரித்தான் என்றும் கொள்ளலாம். எல்லோரும் தலையில் தூக்கிவைத்த ஆங்கிலப் பாட்டும் கடைசியில் ஒரு பட்டிக்காட்டானின் ஊர் ஏக்கம்தானே என்று காட்டியதாகவும் கொள்ளலாம். இரண்டாவது பொருளே வலுவுடையது. மூலப்பாட்டின் நாயகனும் லண்டனுக்கு வந்து திகைத்த ஒரு நாட்டுப்புறத்தான்தான். கைலாசம் மூலத்தைத் திரிக்கவில்லை. பேரரசு அதன் மேல் பூசிய போர்ச் சாயத்தைக் கழுவினார்.

இன்னொரு பாட்டான ‘கோளிகெ ரங்க’ இதைவிட நுட்பமானது. கான்ஸ்டான்டினோபிள் என்ற நீண்ட பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிச் சொல்லும் ஆங்கிலக் கேளிக்கைப் பாட்டு அதற்கு மூலம். இவ்வாறு பாட இந்திய மொழிகளில் இயலாது என்று எவரோ சவால் விட்டதாகவும் கைலாசம் உடனே கன்னடத்தில் பாடிக் காட்டியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை நடந்ததோ இல்லையோ, சவாலில் பொருள் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டுவது எழுத்துகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள பொருத்தமின்மையே அங்கு நகைப்புக்கு இடம். கன்னடத்திலோ தமிழிலோ எழுத்தின் பெயரே அதன் ஒலி. கூட்டிச் சொன்னால் பெயரை மெதுவாக உச்சரித்ததாக மட்டுமே முடியும், நகைப்புக்கு இடமில்லை. கைலாசம் கண்ட வழி பள்ளிக்கூடத் திண்ணையில் இருந்தது. உயிர்மெய்யைப் பிரித்துப் பிள்ளைகள் ராகம்போட்டுச் சொல்லும் வழக்கம் கன்னடப் பள்ளிகளில் உண்டு. இகரக் குறிக்குக் ‘குடிசு’, ஏகாரக் குறிக்கு ‘ஏத்வ’, அனுஸ்வாரத்துக்குச் ‘சொன்னை’ என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. நம் பள்ளிகளில் கொம்பு, கால், சுழி, விலங்கு என்று சொன்னதற்கு இணையானது அது. ரங்கன் என்ற நாட்டுப்புறத்தான் தன் பெயரை அந்த முறையில் கூட்டிச் சொல்கிறான். ஆங்கிலப் பாட்டில் வெறும் எழுத்து அடுக்காக இருந்த இடம் இங்கே பள்ளிக்கூடத்தின் மணம் கொண்டதாக மாறிவிட்டது.

இதை மொழிபெயர்ப்பு என்று சொல்ல இயலாது. தழுவல் என்ற சொல்லும் போதாது. மூலம் செய்த வேலையை வேறொரு மொழியின் உள்ளிருப்பைக் கொண்டு செய்தல் என்று விளக்கமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. யாங்கோவிக்கின் தொகுப்பில் உள்ள உருளைக்கிழங்குப் பாட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ராபர்ட் பால்மரின் ‘அடிக்டட் டு லவ்’ என்ற பாட்டில் காதல் இருந்த இடத்தில் உருளைக்கிழங்கு வைக்கப்படுகிறது. உருளைக்கிழங்குக்கும் அந்த மெட்டுக்கும் உறவு எதுவும் இல்லை. பூசணிக்காயை வைத்தாலும் அதே அளவுக்குச் சிரிப்பு வரும். திப்பாரஹள்ளியின் இடத்தில் வேறோர் ஊரை வைக்க முடியாது. கோளிகெ ரங்கனின் பெயரை அப்படிக் கூட்ட வேறு பள்ளிக்கூடமும் கிடையாது.

தமிழில் இதற்கு இணை தேடுவோர் திரைப்படக் கேலிப் பாட்டுகளுக்குப் போவதற்கு முன் நந்தனாரிடம் செல்ல வேண்டும். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் 1860களில் காரைக்காலில் அச்சேறின. கதாகாலட்சேபம், நாடகம், பஜனை என்று எல்லா வழிகளிலும் அந்த மெட்டுகள் தமிழ்க் காதுகளில் ஊறின. 1908இல் சுப்பிரமணிய பாரதி அவற்றை எடுத்துக்கொண்டு அரசியல் பாட்டுகள் செய்தார். திருநெல்வேலி ஆட்சியர் விஞ்ச் சிதம்பரம் பிள்ளையிடம் பேசுவதாக அமைந்த பாட்டு நந்தன் சரித்திர மெட்டில் வருகிறது. கேட்டவருக்கு அந்த மெட்டில் முன்பு பேசியவன் யார் என்பது தெரியும்: பண்ணையாளாகிய நந்தனை அதட்டிய ஆண்டை. அந்தக் குரலுக்குள் ஆட்சியரை நிறுத்தியதோடு பாரதியின் வேலை முடிந்துவிட்டது. வெள்ளை ஆட்சி பண்ணை அடிமைத்தனத்தை ஒத்தது என்று தனியாக ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெட்டே அந்தக் குற்றச்சாட்டைச் சுமந்தது. மிதவாதிகளைக் கேலி செய்த பாட்டுகளுக்கும் பாரதி இதே கீர்த்தனைகளை நாடினார்.

நாற்பது ஆண்டு கழித்து என்.எஸ். கிருஷ்ணன் அதே நந்தனாரைக் ‘கிந்தனார்’ ஆக்கினார். 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தின் வழியே அந்தக் காலட்சேபம் பெருவாரியான மக்களைச் சென்றடைந்தது. நந்தனுக்குச் சிதம்பர தரிசன வேட்கை. கிந்தனுக்குக் கல்வி வேட்கை. பாகவதரின் அங்க அசைவு, இடைப்பேச்சு, பின்பாட்டு எல்லாவற்றையும் கிருஷ்ணன் அப்படியே வைத்துக்கொண்டு போகும் ஊரை மட்டும் மாற்றினார். ஏழாண்டுகளுக்கு முன்புதான் ஜெமினியின் ‘நந்தனார்’ படத்தில் தண்டபாணி தேசிகர் பாடிய பாட்டுகள் ஊரெங்கும் ஒலித்திருந்தன. அந்த ஈரம் காயும் முன் கிந்தனார் வந்தார். கிருஷ்ணனுடைய நடிப்பாற்றல் ஒருபுறம் இருக்க, இந்தக் காலப் பொருத்தமும் கணக்கில் வர வேண்டியது.

நந்தனார் வகையையும் கைலாசத்தின் வகையையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு புலப்படுகிறது. நந்தனார் கீர்த்தனைகள் இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகின்றன. ஆகவே பாரதியின் பாட்டையும் கிந்தனாரையும் இன்றும் பகடியாகவே கேட்க இயலும். மூலமும் நிழலும் சேர்ந்தே கிடைக்கின்றன. பெங்களூரில் அப்படி நேரவில்லை. 1947இல் படை வெளியேறியது. இசைமேடையின் பேண்டு மரபு தளர்ந்தது. மியூசிக் ஹால் பாட்டுகளை இங்கிலாந்திலேயே முதியோர் மட்டும் நினைவில் வைத்திருக்கும் காலம் வந்தது. ‘கோளிகெ ரங்க’ இன்று கன்னட சுகம சங்கீத மேடைகளில் பாடப்படும்போது கான்ஸ்டான்டினோபிள் பாட்டை நினைக்கும் செவிகள் அரிது. சொந்தப் பாட்டாகவே, சில நேரம் நாட்டுப்புறப் பாட்டைப் போலவே, அது கேட்கப்படுகிறது. நிழல் தனியே நடக்கத் தொடங்கிவிட்டது.

இந்தப் பிழைப்பைக் கொண்டாடுவதா என்பது ஆய்வாளர் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல். பாட்டு பிழைத்தது, பகடி பிழைக்கவில்லை. இனிய பின்னணி இசையோடு ஒரு கிராமியப் பாட்டாக அதை வழங்கும்போது ஆங்கிலத்தோடு கன்னடம் நிகழ்த்திய மல்லுக்கட்டு முழுதும் காணாமல் போகிறது. கைலாசத்தின் கூட்டாளிகளுக்குச் சிரிப்பு மூட்டியது அந்த மல்லுக்கட்டுதான். அவருடைய நாடகங்களிலும் பாத்திரங்கள் பாதி ஆங்கிலமும் பாதி கன்னடமுமாகப் பேசின. கலப்பு மொழி என்று எதிர்ப்பும் கிளம்பியது. பதிவான பாட்டில் அந்தக் கலப்பின் சுவடு மங்கிவிடுகிறது. கைலாசத்தின் வாழ்வையே ஒற்றையாள் நாடகமாக்கிய சி.ஆர். சிம்ஹாவின் ‘டிபிகல் டி.பி. கைலாசம்’ போன்ற முயற்சிகள் முக்கியமாவது இதனால்தான். நாடகத் தலைப்பிலேயே ஆங்கிலச் சொல்லும் கைலாசத்தின் பெயரெழுத்துகளும் மோதி விளையாடுகின்றன. மேடையில் ஒரு மனிதர் நின்று, யாரைப் பார்த்து எதற்காக இப்படிப் பாடினார் என்று சொல்லிவிட்டுப் பாடும்போது பகடிக்கு அதன் சூழல் ஓரளவு திரும்பக் கிடைக்கிறது.

இங்கிருந்து பார்த்தால் ‘போல்கா பார்ட்டி’ தந்த ஏமாற்றத்தில் இசைத்தொகுப்பு என்ற வடிவத்துக்கும் பங்கு இருப்பது தெரிகிறது. பகடி அடிப்படையில் ஒரு மாலைப்பொழுதின் கலை. பாடுபவர் எதிரில் உள்ளவர்களைப் பார்க்கிறார்; அவர்களுக்கு எந்தப் பாட்டுத் தெரியும் என்று கணிக்கிறார்; தெரியாது என்று பட்டால் மாற்றிக்கொள்கிறார். நண்பர் கூட்டத்தின் நடுவே பாடிய கைலாசத்துக்கும், காலட்சேப மேடையில் நின்ற கிருஷ்ணனுக்கும் இந்த வசதி இருந்தது. தொகுப்பை வெளியிடுபவரோ முகம் தெரியாத லட்சம் பேருக்கு எந்தெந்தப் பாட்டுகள் தெரிந்திருக்கும் என்று மாதங்களுக்கு முன்பே பந்தயம் கட்ட வேண்டும். அந்தப் பந்தயத்தில் ஜாகரின் பாட்டு தோற்றது. 1988இல் யாங்கோவிக் மீண்டும் எழுந்தார். இம்முறை எடுத்துக்கொண்டது மைக்கேல் ஜாக்சனின் ‘பேட்’. அது தெரியாத வீடு அன்று அமெரிக்காவில் இல்லை. அதை ‘ஃபேட்’ என்று மாற்றி உடல் பருமனைப் பாடிய காணொளிக்கு கிராமி விருது கிடைத்தது. தொகுப்பு 27ஆம் இடத்தைத் தொட்டது. நகைச்சுவையின் தரம் இரண்டாண்டுகளில் அவ்வளவு உயர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. பருமனும் தீனியும் அவருடைய பழைய சரக்குகளே.

மெட்டு கடன் வாங்குவது மட்டும் பகடி ஆகிவிடாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1980களில் மலிவான ஒலிநாடா வந்த பிறகு இந்தியா முழுதும் திரைமெட்டில் பக்திப் பாட்டுகள் பெருகின. பீட்டர் மானுவல் 1993இல் வெளியிட்ட ‘கேசட் கல்ச்சர்’ நூல் வட இந்தியாவில் நிகழ்ந்த இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்கிறது. கார்த்திகை மாதத்துத் தமிழ்த் தெருக்களில் ஐயப்பன் பாட்டுக் கேட்டவருக்கு இது விளக்கம் வேண்டாத செய்தி. அங்கே மூலத்தின் நினைவு வெறும் வாகனம். அது மறைந்துபோனால் பக்தனுக்கு இழப்பு எதுவும் இல்லை, சொல்லப்போனால் நிம்மதியே. பகடியில் அதற்கு நேர்மாறு.

‘போல்கா பார்ட்டி’யில் பின்னர் நிலைத்த பாட்டு எது என்று கேட்டால் கிடைக்கும் விடை கைலாசத்தின் கதையோடு சேர்கிறது. ‘கிறிஸ்துமஸ் அட் கிரவுண்ட் ஜீரோ’ என்ற பாட்டு எந்தத் தனிப் பாட்டின் பகடியும் அன்று. அணுகுண்டு விழும் நாளில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் குடும்பத்தைப் பழைய விழாப்பாட்டுப் பாணியில் பாடும் கரிய நகைச்சுவை அது. பனிப்போர்க் கால அச்சம் அதன் கரு. அதைக் கேட்க முன்னதாக வேறெதையும் கேட்டிருக்க வேண்டியதில்லை. தொகுப்பு தோற்ற பிறகும் அந்தப் பாட்டுக்கு ஆண்டுதோறும் டிசம்பரில் வானொலியில் இடம் இருந்தது. 2001 செப்டம்பருக்குப் பின் ‘கிரவுண்ட் ஜீரோ’ என்ற தொடரின் பொருளே அமெரிக்காவில் மாறிவிட்டது, வானொலிகள் தயங்கின. மூலப்பாட்டை நம்பாமல் நின்ற பாட்டும் ஒரு சொல்லின் பழைய பொருளை நம்பி இருந்திருக்கிறது.

கைலாசம் 1945இல் கன்னட சாகித்திய சம்மேளனத்துக்குத் தலைமை வகித்தார். அந்த ஆண்டு சம்மேளனம் கூடியது சென்னையில். தென் கன்னடமும் பெல்லாரியும் அன்று சென்னை மாகாணத்துக்குள் இருந்தமையால் கன்னடர்களுக்கு அது அயலூர் அன்று. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து கன்னடத்தில் எழுதியவர், லண்டன் அரங்குகளின் மெட்டைக் காதில் வைத்திருந்தவர், தமிழ்நாட்டின் தலைநகரில் கன்னட எழுத்தாளர்களின் தலைவராக அமர்ந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் காலமானார். மொழிவாரி மாநிலங்கள் அமைய அப்போது இன்னும் பத்தாண்டுகள் இருந்தன.

பாரதி பாடல் பதிப்புகளில் பாட்டின் தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் இன்ன மெட்டு என்று ஒரு வரி இருக்கும். மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தேர்வில் அதிலிருந்து வினா வருவதில்லை. விஞ்ச் பேசும் பாட்டுக்கு மேலே உள்ள அந்த வரியில்தான் ஆண்டை நிற்கிறான்.